வாசலில் எரியும் மூடாக்கு

மாசி பிறந்ததும் வேம்பு இலை உதிர்க்கத் தொடங்குகிறது. புங்கனும் அரசும் அதன் பின்னே. பங்குனி முடிவதற்குள் மரங்கள் மிச்சமிருக்கும் தெருக்களில் எல்லாம் சருகு குவிந்துவிடும். அடுத்து வருவது சித்திரை வெயில். மண்ணுக்கு மறைப்பு தேவைப்படும் நேரத்துக்குச் சற்று முன்னால், தேவையான அளவு மறைப்பை, அதாவது மூடாக்கை, மரங்களே இறக்கிக் கொடுத்துவிடுகின்றன. அதைக் காலையில் பெருக்கித் தெருமுனையில் குவித்துத் தீ வைப்பதுதான் பல ஊர்களில் இன்னும் நடக்கிறது.

அதே தெருவில், அதே வாரம், மாடித் தோட்டம் வைத்திருப்பவர் பணம் கொடுத்துத் தேங்காய் நார்த்துண்டு மூட்டை வரவழைக்கிறார். கத்தரியும் மிளகாயும் மதியத்தில் தலை சாய்க்கின்றன என்பது அவருடைய கவலை. நியாயமான கவலைதான். ஆனால் மருந்து அவர் வாசலிலேயே எரிந்துகொண்டிருக்கிறது.

காற்றின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாளில், வெயில் நேரே விழும் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிவிடும். காய்கறிச் செடியின் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல் அரையடி மண்ணில்தான் இருக்கின்றன. மண்புழு அந்தச் சூட்டைத் தாங்காமல் ஆழத்துக்கு இறங்கிவிடும். மாடியில் நிலைமை இன்னும் மோசம். வளர்பையின் பக்கவாட்டிலும் வெயில் அடிக்கிறது, கீழே கான்கிரீட் தளமும் கொதிக்கிறது.

தண்ணீர்க் கணக்கையும் பார்க்கலாம். தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் சித்திரை நாளொன்றில் திறந்த பாத்திரத்திலிருந்து 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை நீர் ஆவியாகக்கூடும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 1 லிட்டர். காலையில் ஊற்றிய தண்ணீரில் செடி குடித்ததைவிட வெயில் குடித்தது அதிகமாகப் போவது இப்படித்தான். 2019 ஜூனில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு மக்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். அப்படியொரு கோடையில் செடிக்கு ஊற்ற ஒரு வாளி எடுக்க யாருக்கும் மனம் வராது. மூடாக்கு போட்ட பாத்தியின் அருமை அப்போதுதான் தெரியும்.

உழவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. இஞ்சி பயிரிடுவோர் நடும்போதே பாத்தியைப் பசுந்தழையால் மூடுகிறார்கள். ஏறத்தாழ 40, 90 நாட்களில் மறுபடியும் மூடுகிறார்கள். தேயிலைத் தோட்டங்களில் கவாத்து செய்த கிளைகளும் இலைகளும் செடியின் காலடியிலேயே விடப்படுகின்றன. தென்னைக்கு மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, சுமார் 100 உரிமட்டைகளைக் குவிந்த முதுகு மேலே இருக்கும்படி அடுக்குவது வேளாண் பரிந்துரை. மட்டை இல்லாவிட்டால் காய்ந்த தென்னை ஓலை, அதுவும் இல்லாவிட்டால் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நார்க்கழிவு. எந்தப் பயிரிலிருந்து என்ன மிஞ்சுகிறதோ அதுவே அந்தப் பயிருக்கு மூடாக்கு. வீட்டுத் தோட்டத்துக்கும் இந்த வழியே ஏற்றது.

வீட்டில் கிடைப்பதில் எதை எடுக்கலாம்? வேப்பஞ்சருகும் புங்கஞ்சருகும் முதல் வரிசை. சிறிய இலைகள் என்பதால் நீரையும் காற்றையும் தடுக்காமல் படிகின்றன. கிளைரிசிடியா, தூங்குமூஞ்சி போன்ற மரங்களின் தழையில் தழைச்சத்து அதிகம், சீக்கிரம் மட்கி உரமாகும். நெடுநாள் நிற்க வேண்டுமென்றால் வைக்கோல், கடலைத்தோல், கரும்புச் சோகை. வைக்கோலில் ஒட்டியிருக்கும் நெல் முளைக்கும், அதைப் பிடுங்கிப் போட்டால் போதும்.

சிலவற்றில் கவனம் வேண்டும். வாதாம் மர இலை அகலமானது. முழுசாகப் பரப்பினால் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, ஊற்றும் தண்ணீரை ஓரத்துக்கு வழித்துவிடும். நொறுக்கித்தான் போட வேண்டும். தைல மரத்தின் இலைச்சாறு இளம் செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியது, காய்கறிப் பாத்திக்கு வேண்டாம். கழுவாத நார்க்கழிவில் உப்பு அதிகம், நல்ல தண்ணீரில் அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். மரத்தூளை மேலே பரப்பலாம், மண்ணோடு கிளறக் கூடாது. கிளறினால் தூளை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, செடி மஞ்சளாகிவிடும். விதை முற்றிய களை, நோய் கண்ட தக்காளி இலை, மாவுப்பூச்சி அப்பிய செம்பருத்திக் கிளை ஆகியவை பாத்திப் பக்கமே வரக் கூடாது.

போடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். முதலில் களை எடுக்க வேண்டும். பிறகு மண் ஆழமாக நனையும்படி தண்ணீர் விட வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் அந்தக் காய்ச்சலே உள்ளே தங்கும், சிறு தூறலும் சருகிலேயே நின்றுவிடும். நாற்று அரையடி உயரம் வந்த பிறகு தரைப் பாத்திக்கு 3 அங்குலம், வளர்பைக்கு ஒன்றரை அங்குலம் பரப்பினால் போதும். ஒரு சதுர மீட்டருக்கு 3 அங்குலம் என்றால் 20 லிட்டர் வாளியால் ஏறத்தாழ நான்கு வாளிச் சருகு. பரப்பிய பின் மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் காற்றில் பறக்காது. சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அது மூடாக்கின் அடியில் போக வேண்டும்.

தண்டைச் சுற்றி இரண்டு, மூன்று அங்குலம் வெறுமையாக விடுவது கட்டாயம். தண்டோடு அணைத்துக் குவித்தால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடித்து அடித்தண்டு அழுகிவிடும். கீரை விதைத்த பாத்தியில் மெல்லிய வைக்கோல் மட்டும் போதும், முளை தெரிந்ததும் அதையும் விலக்கிவிடலாம். சருகு மட்கி அமுங்க அமுங்க மேலே சேர்த்துக்கொண்டே வர வேண்டும். வாரம் ஒருமுறை விரலால் விலக்கி ஈரம் பார்த்த பிறகே தண்ணீர் விடுவது நல்லது. மேலே சருகு காய்ந்திருப்பதைப் பார்த்து ஊற்றினால் வேர் மூழ்கும்.

மழைக்காலத்திலும் மூடாக்குக்கு வேலை உண்டு. வெறும் மண்ணில் மழைத்துளி மோதி இலையின் அடிப்பக்கம் வரை சேறு தெறிக்கிறது. தக்காளியின் இலைக்கருகல் போன்ற நோய்கள் கீழ் இலையில் தொடங்க இந்தத் தெறிப்பு ஒரு காரணம். செம்மண் பாத்தி மழையில் இறுகி ஓடுகட்டுவதும் மூடாக்கால் குறையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் கனத்தைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். அப்போது நத்தையும் மரவட்டையும் சருகுக்கடியில் பதுங்கும்.

கரையான், பூரான், பாம்பு வரும் என்று அஞ்சி மூடாக்கை மறுப்பவர்கள் உண்டு. மூன்று அங்குலப் பரப்பு பாம்புக்குப் போதிய மறைவிடம் அல்ல, சுவரோரம் மாதக்கணக்கில் கிடக்கும் குவியல்தான் ஆபத்து. பிளாஸ்டிக் நிலப்போர்வை களையையும் ஆவியாதலையும் நன்றாகத் தடுக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அது மட்காது, மண்ணுக்கு உணவாகாது. கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி முடியாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு அந்தத் தெருமுனைத் தீ. ஈரம் கலந்த சருகு கொழுந்துவிட்டு எரியாது, மணிக்கணக்கில் புகையும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும், நுரையீரலின் ஆழம்வரை போகும் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களும் இருக்கின்றன. சருகோடு பால் உறையும் பிஸ்கட் உறையும் சேர்ந்தே எரிவதால் நஞ்சு கூடுகிறது. போகி விடியலில் சென்னையில் புகை சூழ்ந்து விமானங்கள் தாமதமான ஆண்டுகள் உண்டு. போகிப் புகை ஒரு நாளில் செய்தியாகிறது. சருகுப் புகை மாசியிலிருந்து வைகாசி வரை தெருத்தெருவாக எழுகிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆஸ்துமா உள்ள குழந்தை சன்னலைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் தெருவிலும் பொது இடங்களிலும் எரிப்பதைத் தடை செய்தன. தோட்டக் கழிவை வீட்டு வளாகத்திலேயே தனியாகச் சேர்த்துவைக்கச் சொன்னதும் அதே விதிகள்தான். விதி வந்து இத்தனை ஆண்டுகளாகியும் தீக்குச்சி ஓயவில்லை. சருகைக் குப்பையாகப் பார்க்கும் கண் மாறாததுதான் காரணம். ஓர் இலைகூட இல்லாமல் பெருக்கிய வாசலே அழகு என்ற எண்ணத்தில் மரத்தடி மண் ஆண்டுதோறும் வெறுமையாகிறது. அந்த மரத்துக்குச் சேர வேண்டிய சத்து சாம்பலாகவும் புகையாகவும் போகிறது. பிறகு அதே மரத்துக்கு உரம் வாங்கப்படுகிறது.

அடுக்ககங்களில் இதை மாற்றுவது இன்னும் எளிது. மரத்தடியில் நான்கு மூங்கில் குச்சி நட்டு வலை கட்டினால் சருகுத் தொட்டி தயார். பெருக்குபவரிடம் தனிச் சாக்கு கொடுத்து, பிளாஸ்டிக் கலக்காமல் சருகை மட்டும் அதில் சேர்க்கச் சொல்லலாம். அந்தக் கூடுதல் வேலைக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். மாடித் தோட்டக்காரர்கள் எடுத்தது போக மிஞ்சுவது மரத்தடிக்கே போகட்டும். தோட்டம் இல்லாத வீட்டுக்காரர்களும் தங்கள் வாசல் சருகை அந்தத் தொட்டியில் சேர்க்கலாம், தீ வைப்பவரிடம் ஒரு வார்த்தை பேசலாம்.

மாசிச் சருகுக்கு இப்போதே சாக்குகளை எடுத்துவையுங்கள். அக்னி நட்சத்திரம் மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கிவிடும். அதற்குள் பாத்திகளை மூடி முடித்திருக்க வேண்டும்.