ஆல்ப்ஸ் மலையில் ஏழு நாளும் ஒரு தலைவலியும்

தீஸிஸ் என்கிற பூதம் கழுத்தைப் பிடிச்சிருந்தது. 2024 ஜூன்ல அதைச் சமர்ப்பிச்ச கையோட, தங்கமணிக்கு ஒரு வருஷமா சொல்லிக்கிட்டிருந்த வாக்கைக் காப்பாத்த ஸ்டுட்கார்ட்லேர்ந்து ஸ்விட்சர்லாந்து கிளம்பினோம். அம்மணி சென்னையில நல்ல வேலையை விட்டுட்டு என்னை நம்பி வந்தவங்க. நான் லேபே கதின்னு கிடந்த எட்டு மாசமும் அவங்களுக்குத் துணை ஒரு ஜன்னலும் ஜெர்மன் பாடப் புத்தகமும்தான்.

அண்ணன் சும்மா கிளம்புவேனா? எக்செல்ல மணிக்கணக்கு போட்டு ஏழு நாளுக்கும் திட்டம். பார்ட் டைம் வேலையில சேர்த்த காசு. அதனால தங்கினது லவுட்டர்புருனன் கிராமத்துல, சமையலறை இருக்கிற ஒரு விடுதி. பெட்டியில ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி. ஸ்விஸ் ஹோட்டல் விலையைப் பார்த்தவங்க சிரிக்க மாட்டீங்க :-)

லவுட்டர்புருனன் ஒரு பள்ளத்தாக்கு. ரெண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், மேலேர்ந்து அங்கங்கே அருவி. ஊர் நடுவுலயே ஸ்டௌப்பாக் அருவி, 297 மீட்டர் உயரம். கீழ வந்து சேர்றதுக்குள்ள பாதித் தண்ணி காத்துல புகையாப் போயிடுது. 1779ல இங்க வந்த ஜெர்மன் கவிஞர் கோத்தே இதைப் பார்த்துட்டுத்தான் ஒரு கவிதை எழுதினாராம். நான் பார்த்துட்டு, "குத்தாலத்துல நின்னு குளிக்கலாம், இதுல முடியாது"ன்னேன். தங்கமணி முறைச்சாங்க.

பக்கத்துலயே த்ரூம்மல்பாக். இது மலைக்கு உள்ள விழற அருவி. ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ரௌ மூணு மலையோட பனியும் உருகி இது வழியாத்தான் இறங்குது. உச்சத்துல வினாடிக்கு 20,000 லிட்டர் வரைக்கும் போகுமாம். உள்ள நின்னா பாறையே அதிருது, பேசறது காதுல விழாது. மூணாவது நாள் முழுக்க மழை. என் எக்செல்ல மழைக்குக் கட்டம் இல்ல. நான் அறையில புலம்ப, தங்கமணி ஜன்னலோரம் உக்காந்து மேகம் மலைமேல ஏறி இறங்கறதைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

நாலாவது நாள்தான் பெரிய நாள். யுங்ஃப்ரௌயோக். 3,454 மீட்டர், ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம். பாதிக்கட்டண அட்டை இருந்தும் ஆளுக்கு நூறு பிராங்குக்கு மேல. மனசுக்குள்ள ரூபாய்ல பெருக்கி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டேன்.

இந்த ரயில் கதை தனி. அடோல்ஃப் குயர்-ட்ஸெல்லர்னு ஒரு தொழிலதிபர் கனவு. 1896ல வேலை ஆரம்பிச்சது. அவர் 1899லயே காலமாயிட்டார். ரயில் ஓடினது 1912ல. ஐகர், மோன்ஷ் ரெண்டு மலை வயித்துக்குள்ளயும் ஏழு கிலோமீட்டர் சுரங்கம். குடைஞ்சவங்க பெரும்பாலும் இத்தாலியிலேர்ந்து பிழைக்க வந்த கூலிகள். வெடிவிபத்துல பலர் செத்துப்போனாங்க. நாம ஹீட்டர் போட்ட பெட்டியில உக்காந்து முக்கால் மணி நேரத்துல ஏறிடறோம்.

மேல போய்ப் பத்து நிமிஷத்துல தங்கமணி, "தலை வலிக்குதுடா, சுத்துது"ன்னாங்க. "காலையில சரியா சாப்பிடல நீ"ன்னு டாக்டர் மாதிரி தீர்ப்பு சொல்லிட்டு, ஒரு பெஞ்சுல உக்கார வச்சேன். "அஞ்சே நிமிஷம், வந்துடறேன்"ன்னுட்டு கேமராவோட மொட்டைமாடிக்குப் போனேன். அலெட்ச் பனியாறு அங்கேர்ந்து தெரியும். ஆல்ப்ஸ்லயே நீளமானது, 20 கிலோமீட்டருக்கு மேல, வெள்ளையா ஒரு நெடுஞ்சாலை மாதிரி. 1870லேர்ந்து சுமார் 3 கிலோமீட்டர் உருகிப் பின்வாங்கியிருக்கு. பொய் சொல்லல, மெய்மறந்துட்டேன். அஞ்சு நிமிஷம் நாப்பது நிமிஷமாச்சு.

திரும்பி வந்தா அம்மணி முகம் வெளுத்து, தலையைக் கவுத்து உக்காந்திருக்காங்க. ரயில்வே ஊழியர் ஒருத்தர் தண்ணி கொடுத்துட்டுப் பக்கத்துல நிக்கறார். என்னைப் பார்த்துட்டு, "அடுத்த வண்டியில கீழ கூட்டிட்டுப் போங்க"ன்னார். நான் அப்பவும், "ஐஸ் மாளிகை இன்னும் பாக்கலையே, இவ்ளோ காசு..."ன்னு தமிழ்ல முனகினேன். தங்கமணி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாங்க. அவ்வளவுதான், வாயை மூடிட்டேன்.

கீழ க்ளைன ஷைடெக், 2,061 மீட்டர். இறங்கி அரைமணியில தலைவலி போயிடுச்சு. புல்வெளியில உக்காந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிச்சுட்டு மெதுவாச் சொன்னாங்க: "எட்டு மாசமா வீட்ல தனியா உக்காந்திருந்தேன்டா. அதுக்குப் பரிசா இங்க வந்தோம். இங்கயும் என்னைத் தனியா உக்கார வச்சுட்டுப் போயிட்ட."

பதில் இல்ல என்கிட்ட. மாட்டு மணிச் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி எக்செல்லை அழிச்சேன். அடுத்த நாள் கேபிள் கார்ல க்ரூட்ஷால்ப் ஏறி, அங்கேர்ந்து ம்யூரனுக்கு நடந்தோம். ஏறக்குறைய சமதரைப் பாதை, எதிர்ல மூணு மலையும் வரிசையா நிக்குது. எட்டு மாசக் கதையையும் அவங்க பேச, நான் கேட்டேன். ஜெர்மன் தேர்வு எழுதப் போறாங்கன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பாதி வழியில கேமராவை அவங்க கையில கொடுத்துட்டேன். இந்தப் பயணத்துல நல்லா வந்த படங்கள் எல்லாம் அதுக்கப்புறம் எடுத்ததுதான். ஆறாவது நாள் இன்டர்லாக்கன்ல யஷ் சோப்ரா சிலைக்குப் பக்கத்துல ஒரு போட்டோ (நம்மாளுங்க கூட்டம் அங்க எப்பவும் உண்டு), ஏரிக்கரையில ஒரு தூக்கம்.

கடைசி நாள் திரும்பற வழியில பெர்ன்ல இறங்கினோம். அங்க 2014ல திறந்த 'சமயங்களின் இல்லம்'னு ஒரு கட்டடம். ஒரே கூரைக்குக் கீழ மசூதி, தேவாலயம், புத்தவிகாரை, நம்ம ஈழத்தமிழர்கள் நடத்தற கோயிலும். சாமி கும்பிட்டு வெளிய வந்தா ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். யுங்ஃப்ரௌ போன கதையைச் சொன்னோம். "நான் அந்தப் பக்கம் ஹோட்டலில கோப்பை கழுவினனான் தம்பி, எட்டு வருசம். மேல ஒருக்காலும் போகேல்ல. லீவு நாளில நித்திரை கொள்ளத்தான் மனம் வரும்"னு சிரிச்சார். "மனிசியையும் கூட்டிக்கொண்டு போனீங்கள், நல்லது"ன்னார். தங்கமணி என்னைப் பார்த்தாங்க. நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

போறவங்களுக்கு மூணு விஷயம்:

1. டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி உச்சியில வச்சிருக்கிற நேரலைக் கேமராவைப் பாருங்க. மேகமா இருந்தா காசு வீண்.

2. 3,400 மீட்டர்ல காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சுலயும் ஆக்ஸிஜனும் அவ்வளவுதான் கிடைக்கும். லவுட்டர்புருனன் 800 மீட்டர். ரெண்டு மணி நேரத்துல அங்கேர்ந்து ஏறினா உடம்பு பழக நேரம் இல்ல. க்ளைன ஷைடெக்ல ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போங்க. தண்ணி நிறைய குடிங்க, மேல ஓடாதீங்க. தலை சுத்தினா மருந்து ஒண்ணுதான்: கீழ இறங்கறது.

3. கூட வந்தவங்க "தலை வலிக்குது"ன்னா நம்புங்க. பனியாறு அங்கேயேதான் இருக்கும்.

டிஸ்கி: பதிவைப் படிச்சுப் பார்த்துட்டு தங்கமணி ஒரே ஒரு திருத்தம் சொன்னாங்க. நாப்பது நிமிஷம் இல்லையாம், அம்பதாம்.