பாறை ஏறும் குட்டி வண்டி: எளிய மாற்றங்கள், பெரிய பலன்

ராக் கிராலர் என்பது பாறைகளின் மேல் மெல்ல ஊர்ந்து ஏறுவதற்கென்றே அமைக்கப்பட்ட ரிமோட் கார். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதையிலும் யூட்டாவின் மோவாப் பாறைவெளியிலும் ஜீப்புகளை ஓட்டிச் செல்லும் விளையாட்டின் சிற்றுருவம் இது. பெரும்பாலான கிராலர்கள் நிஜ வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவில் வருகின்றன. ஆக்ஸியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்10 வரிசையும், 2017இல் வெளிவந்த டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 வண்டியும் இந்த அளவில் பெயர் பெற்றவை.

இவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் மோட்டாரின் விசை செல்லும். பாறையில் ஏறும்போது ஒரே அச்சின் இரு சக்கரங்களும் சேர்ந்தே சுழலும். ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது பாறையைப் பற்றி இழுக்கும். ஆனால் கடையில் வாங்கும் வண்டி புல்வெளி, மண்பாதை, பாறை எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. பாறைக்கு மட்டும் அதைப் பழக்கச் சில மாற்றங்கள் தேவை. பலர் முதலில் மோட்டாரை மாற்ற நினைக்கிறார்கள். உண்மையில் எடையும் டயரும்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. அவற்றுக்குச் செலவும் குறைவு.

எடை எங்கே இருக்க வேண்டும்?

செங்குத்தான பாறையில் வண்டி பின்பக்கமாகக் கவிழ்வதற்குக் காரணம் அதன் ஈர்ப்பு மையம். அந்த மையத்திலிருந்து நேர் கீழே விழும் கோடு பின்சக்கரத்தைத் தாண்டிப் போனால் வண்டி மல்லாந்துவிடும். ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். முன், பின் அச்சுகளுக்கு இடையே 31 செ.மீ. உள்ள வண்டியில் எடை இரு பக்கமும் சமமாகவும், ஈர்ப்பு மையம் 11 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். ஏறக்குறைய 55 பாகைச் சரிவில் அது கவிழும். எடையில் 60 விழுக்காட்டை முன்பக்கம் கொண்டுவந்தால் இந்த எல்லை 59 பாகையாகும். கூடவே ஈர்ப்பு மையத்தை 2 செ.மீ. தாழ்த்தினால் 64 பாகை வரை தாங்கும். தலையாட்டிப் பொம்மை சாய்ந்தாலும் நிமிர்வதற்கு அடிப்பாகத்தின் கனம் காரணமாவது போல, கிராலருக்கும் கனம் கீழே இருப்பதே பலம்.

செலவே இல்லாத வேலை, மேலே உள்ள சுமையைக் குறைப்பது. கூரை மேல் உள்ள கம்பிச் சட்டம், ஸ்டெப்னி, பெட்ரோல் கேன் பொம்மைகள் பார்வைக்கு அழகு. பாறையில் அவை பகை. அடுத்து, பேட்டரியைப் பின்பக்கத்திலிருந்து முன் அச்சுக்கு அருகே, முடிந்தவரை தாழ்வாக மாற்றி வைக்கலாம். பெரிய பேட்டரிக்குப் பதிலாகச் சிறியதைப் பயன்படுத்தினால் ஓடும் நேரம் சற்றுக் குறையும். வண்டியின் நிலைத்தன்மை கூடும்.

அதன் பிறகே எடை சேர்க்க வேண்டும். முன் சக்கரங்கள் திரும்பும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பதிலாகப் பித்தளைப் பாகங்கள் கிடைக்கின்றன. சக்கர வளையத்தின் உட்புறம் ஒட்டும் எடைகளும் உண்டு. அச்சிலும் சக்கரத்திலும் சேரும் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் வண்டியின் உடலை ஆட்டாது. முன்பக்கம் அதிகமாகவும் பின்பக்கம் குறைவாகவும் சேர்ப்பது வழக்கம். முன்சக்கரங்களை ஒரு தராசிலும் பின்சக்கரங்களை அதே உயரமுள்ள இன்னொரு தராசிலும் நிறுத்தினால் எடைப் பங்கீடு தெரிந்துவிடும். சமையலறைத் தராசே இதற்குப் போதும்.

டயரும் அதன் உள்ளே உள்ள பஞ்சும்

கிராலரின் டயரில் காற்று அடைப்பதில்லை. உள்ளே ஸ்பாஞ்சு இருக்கும். பாறையின் விளிம்பில் டயர் அமுங்கி அதைக் கவ்வ வேண்டும். ஸ்பாஞ்சு கெட்டியாக இருந்தால் டயர் வழுக்கும். மிக மிருதுவாக இருந்தால் பக்கச் சரிவில் டயர் மடங்கி வண்டி சாயும். இதற்குத் தீர்வாக, உள்ளே கெட்டியும் வெளியே மிருதுவும் கொண்ட இரட்டை அடுக்கு ஸ்பாஞ்சு விற்கிறது. டயர் சக்கரத்தோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தால் ஸ்பாஞ்சை மாற்றுவது கடினம். திருகாணிகளால் டயரைக் கவ்விப் பிடிக்கும் சக்கரங்களில் எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம்.

டயர் அமுங்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும். சக்கர வளையத்திலோ டயரின் நடுவிலோ சிறு துளை இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். தண்ணீரில் ஓட்டுவோருக்கு டயரின் நடுவில் உள்ள துளை நல்லது. சக்கரம் சுழலும்போது உள்ளே புகுந்த நீர் அதன் வழியே வெளியேறும். மிருதுவான ரப்பர் டயர் பாறையை நன்றாகப் பிடிக்கும். ஆனால் சொரசொரப்பான சிமென்ட் தரையில் சீக்கிரம் தேயும்.

ஸ்பிரிங்

ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்ட நிலையில் வண்டி நின்றால், பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது. மிருதுவான ஸ்பிரிங்கைப் பொருத்தி, வண்டியின் சொந்த எடையிலேயே ஷாக் ஓரளவு அமுங்கி நிற்குமாறு செய்ய வேண்டும். அப்போது சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொடும். வண்டியின் உயரமும் குறையும். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் அடிவயிறு பாறையில் மாட்டிக்கொள்ளும். டயர் மேலே வரும்போது பாடியில் உரசினால், உரசும் இடத்தை மட்டும் வளைந்த கத்தரியால் வெட்டிவிடலாம்.

திருப்பும் விசை

இரு கற்களுக்கு நடுவே சிக்கிய சக்கரத்தைத் திருப்புவது சர்வோ மோட்டாரின் வேலை. முன்பக்கம் பித்தளை சேர்ந்த பிறகு அதன் சுமை இன்னும் கூடும். பத்தில் ஒரு பங்கு வண்டிக்கு 20 முதல் 25 கிலோ-செ.மீ. முறுக்கு விசையும் உலோகப் பற்களும் கொண்ட சர்வோ பொருத்தமானது. சக்கரத்தைத் திருப்பும் அதன் கையும் உலோகமாக இருப்பது நல்லது. வலிமையான சர்வோ அதிக மின்சாரம் இழுக்கும். வண்டியின் மின்சுற்று அதைத் தர முடியாவிட்டால் ரிசீவர் நடுவில் அணைந்துபோகும். அப்போது சர்வோவுக்கெனத் தனி மின்வழங்கி ஒன்றைச் சேர்க்க வேண்டும். சக்கரம் முழுதாகத் திரும்பிய பிறகும் சர்வோ முனகினால், ரிமோட்டில் திருப்பத்தின் எல்லையைச் சற்றுக் குறைக்க வேண்டும்; இல்லையேல் சர்வோ சூடேறிக் கருகும்.

வேகத்தைக் குறைத்தல்

மோட்டாரின் முனையில் உள்ள சிறு பல்சக்கரமான பினியனை மாற்றுவது மலிவான மாற்றம். 15 பற்களுக்குப் பதில் 12 பற்கள் உள்ளதைப் போட்டால் வேகம் 20 விழுக்காடு குறையும். இழுக்கும் விசை 25 விழுக்காடு கூடும். பொருத்தும்போது இரு பல்சக்கரங்களுக்கு நடுவே மெல்லிய காகிதத் துண்டை வைத்து நெருக்கி, பிறகு காகிதத்தை எடுத்துவிட்டால் சரியான இடைவெளி கிடைக்கும்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் இரு அமைப்புகளைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். ஒன்று, ரிமோட்டின் விசையை விட்டதும் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பிரேக். அதை முழு அளவில் வைத்தால் சரிவில் வண்டி பின்னோக்கி உருளாது. மற்றொன்று பேட்டரி வகை. முழுதாகச் சார்ஜ் ஆன லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது கெட்டுவிடும். கருவியில் வகையைச் சரியாகக் குறித்தால், மின்னழுத்தம் அந்த அளவுக்கு இறங்கும் முன்பே அது மோட்டாரை நிறுத்திவிடும்.

பராமரிப்பும் சோதனையும்

உலோகத்தில் இறங்கும் திருகாணிகள் அதிர்வில் கழலும். அவற்றுக்குத் திருகாணிப் பசை ஒரு துளி போதும். சேற்றிலோ நீரிலோ ஓட்டிய பிறகு வண்டியைக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, பேரிங்குகளுக்கு எண்ணெய் இட வேண்டும்.

எல்லா மாற்றங்களையும் ஒரே நாளில் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒன்றைச் செய்து, அதே பாறையில் அதே வழியாக ஏற்றிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். கூரைச் சுமையை இறக்கி, பேட்டரியை முன்னே நகர்த்தி, டயரின் ஸ்பாஞ்சைச் சரிசெய்தாலே பெரும்பாலான வண்டிகள் முன்பு தோற்ற இடத்தில் ஏறிவிடும். இவற்றைச் செய்து பார்க்காமல் புதிய மோட்டாருக்குப் பணம் செலவிட வேண்டாம்.