பட்டா இருக்கிறது, பட்டியல் இல்லை

ஓசூரின் பழைய கடைத்தெரு ஒன்றில் தாத்தா காலத்து ஓட்டு வீடு உங்களுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் திண்ணை, கருங்கல் தூண்கள், உள்ளே முற்றம். ஓட்டைப் பிரித்துவிட்டு மூன்று மாடி எழுப்பலாம், கீழே செல்போன் கடை, மேலே சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு வாடகை அறைகள் என்று கணக்குப் போடுகிறீர்கள். பிளான் போடும் பொறியாளர் விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றுகிறார். பட்டா யார் பெயரில், சொத்துவரி பாக்கி உண்டா, முன்னும் பக்கமும் எவ்வளவு இடம் விடுகிறீர்கள், வண்டி எங்கே நிற்கும், மொத்தத் தளப் பரப்பு வரம்புக்குள் அடங்குகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். இடிக்கப்போகும் வீட்டுக்கு என்ன வயது, அது போனால் தெருவுக்கு என்ன நஷ்டம் என்பது அனுமதியைத் தீர்மானிக்கும் கேள்விகளில் வராது.

அதிகாரிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு கட்டடத்தில் மாற்றம் செய்வதைப் பரிசீலிக்க வேண்டுமானால் அது பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று முதலில் எங்காவது எழுதியிருக்க வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி நகரங்களின் சாதாரணப் பழைய வீடுகளும் கடைகளும் எந்தச் சட்டப் பட்டியலிலும் ஏறவில்லை. கோட்டைக்கு ஒரு சட்டம் உண்டு, கோயிலுக்கு ஒரு நடைமுறை உண்டு. நடுவில் இருக்கும் ஊருக்குத்தான் எதுவும் இல்லை.

கோட்டையிலிருந்தே தொடங்கலாம். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் ராயக்கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம், 2010-இல் கண்ட திருத்தத்துக்குப் பிறகு, இத்தகைய சின்னத்தைச் சுற்றி இரண்டு வளையங்களைப் போடுகிறது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் வளையத்தில் புதுக் கட்டடம் எழுப்பவே முடியாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடாக இருந்தால் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டும் மனுப் போடலாம். இரண்டாம் வளையத்தில் முன் அனுமதியோடு கட்டலாம்.

மனு போகும் வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. மனுவைப் பெறும் தகுதி அதிகாரி 15 நாளுக்குள் அதை டெல்லியில் உள்ள தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்தில் பரிந்துரை சொல்ல வேண்டும். பரிந்துரை கைக்கு வந்த ஒரு மாதத்தில் தகுதி அதிகாரி அனுமதிக்கவோ மறுக்கவோ வேண்டும். மீறிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 100 மீட்டர் என்பது நாடு முழுவதற்கும் ஒரே அளவு. சமவெளியில் நிற்கும் சிறு மண்டபத்துக்கும், நகரத்துக்கு மேலே பாறையாக எழுந்து நிற்கும் கோட்டைக்கும் அதே நாடாதான். மலையடிவாரத்தில் குளியலறையைப் புதுப்பிக்க நினைப்பவருக்கும், 400 மீட்டர் தள்ளி மலையை மறைத்து ஓட்டல் கட்டுபவருக்கும் இந்தச் சட்டம் நீதி செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. முன்னவர் டெல்லிக்கு மனுப் போட வேண்டும். பின்னவரை இந்தச் சட்டம் தொடுவதே இல்லை. ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் இடம் பார்த்துத் தனித் துணைவிதிகள் வகுக்க வேண்டும் என்று அதே 2010 திருத்தம் சொன்னது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். அந்த வேலை நாடெங்கும் மெல்லத்தான் நகர்கிறது.

அடுத்தது கோயில். ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் போன்ற அறநிலையத் துறைக் கோயில்களில் திருப்பணி என்றால் மதிப்பீடு தயாரானதும் வேலை தொடங்கிவிடாது. பழமையான கோயிலாக இருந்தால் தொல்லியல் அறிந்தவர்களும் ஸ்தபதிகளும் இருக்கும் வல்லுநர் குழுக்கள் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இந்த ஏற்பாடு எளிதில் வந்ததில்லை. கல்வெட்டு மேல் சுண்ணாம்பு பூசுவது, சிற்பத்தின் மீது மணலைப் பீய்ச்சிச் 'சுத்தம்' செய்வது, பழைய கல்தளத்தைப் பெயர்த்துவிட்டுப் பளபளப்பான கிரானைட் பதிப்பது என்று நெடுங்காலம் நடந்த கூத்துகளுக்குப் பிறகு, வழக்குகளும் உத்தரவுகளுமாக வந்தது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கொன்றில் கோயில்கள், தொன்மைச் சின்னங்கள் பற்றி 75 கட்டளைகளைப் பிறப்பித்தது. பதிக்கப்படும் கிரானைட்டில் கிருஷ்ணகிரிக் கல்லும் கணிசம் என்பது இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி ஊர். ஓசூரில் கெனில்வொர்த் என்ற பெயரைக் கேட்டால் வயதானவர்கள் கதை சொல்வார்கள். சேலம் ஆட்சியராக இருந்த பிரெட் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையை மனதில் வைத்துக் கட்டிய மாளிகை அது. மனைவிக்காகக் கட்டினார் என்பது ஊர்ப் பேச்சு, ஆதாரம் கேட்காமல் ரசிக்கலாம். மாளிகை இன்று மாளிகையாக இல்லை. யாரோ ஒரு நாள் குண்டு வைத்து அழித்ததால் இப்படி ஆகவில்லை. கூரை போனது, மரம் போனது, கல் போனது. ஒவ்வொரு கட்டத்திலும் "இதை எடுக்கலாமா" என்று யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மத்திகிரி கால்நடைப் பண்ணை இன்னொரு ரகம். 1824-இல் கும்பெனிப் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம் அது. அரசு நிலம், அரசுக் கட்டடங்கள், ஆகவே யாரும் விற்றுவிட முடியாது என்று நினைப்போம். ஆனால் அரசே தன் பழைய கட்டடத்தைப் பயன்பாட்டுக்குத் தகுதியற்றது என்று எழுதிவிட்டால் வெளியார் கண் படாமலே இடிந்துவிடும். மாறாக, சென்னை சேப்பாக்கத்தில் 2012 தீவிபத்தில் சேதமான அரண்மனைப் பகுதியும் அதை ஒட்டிய ஹுமாயூன் மகாலும் மீண்டது பொதுப்பணித் துறையின் பாரம்பரியக் கட்டடப் பிரிவால்தான். திறமை துறைக்குள் இருக்கிறது. எந்தக் கட்டடத்துக்கு அதைச் செலவிட வேண்டும் என்று சொல்லும் தாள்தான் மாவட்டங்களில் இல்லை.

அந்தத் தாள் சென்னைக்குக் கிடைத்த கதை ஓசூர்க்காரர்களுக்கு உபயோகப்படும். அண்ணா சாலையில் 1897-இல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் இடிக்கத் தொடங்கியது. பாரம்பரியம் காக்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது, இடிப்பு நின்றது. 2010 ஏப்ரலில் வந்த தீர்ப்பு அந்த ஒரு கட்டடத்தோடு நிற்கவில்லை. விளம்பரப் பலகைகள் பற்றிய வேறொரு விவகாரத்துக்காக நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்திருந்த பட்டியலில் நானூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய இடங்கள் இருந்தன. அதைக் கையில் எடுத்துக்கொண்ட நீதிமன்றம், பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின்கீழ் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொன்னது. பலகை பிடுங்கப் போட்ட பட்டியல் கட்டடம் காக்க உதவியது. அன்றிலிருந்து பட்டியலில் உள்ள கட்டடத்தில் கை வைப்பதற்கு முன் அந்தக் குழுவின் கருத்தைப் பெற வேண்டும்.

பாரத் கட்டடம் தப்பியது, ஆனால் பூட்டியபடியே கிடந்தது. சுவரில் ஆலும் அரசும் முளைத்தன. இடிக்காதே என்று உத்தரவிடுவது சுலபம், பழுதுபார் என்று உத்தரவிட்டுப் பணமும் ஆளும் கண்டுபிடிப்பது கடினம்.

சென்னைக் குழுவின் கை சென்னைப் பெருநகர எல்லையோடு முடிகிறது. மாநிலம் முழுவதற்கும் என்று 2012-இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. மத்தியச் சட்டமும் மாநிலத் தொல்லியல் சட்டமும் தொடாத கட்டடங்களை அடையாளம் காண்பதும் காப்பதும் அதன் நோக்கம், அதாவது நாம் பேசும் திண்ணை வீடுகளுக்கான சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 2024-இல். இடைப்பட்ட அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் ஓசூர் மாநகராட்சி ஆனது, நிலத்தின் விலை எங்கோ போனது.

சரி, அப்படி ஒரு குழு ஓசூருக்கு வந்தால் என்ன கேட்கும்? பழைய கட்டடம் என்றாலே தொடக்கூடாது என்று சொல்வார்கள் என்ற பயம் பலருக்கு. நல்ல பரிசீலனை அப்படி நடப்பதில்லை. இருக்கும் நிலையின் அளவெடுத்த வரைபடம், படங்கள், மாற்ற நினைப்பதன் வரைபடம், எந்தப் பொருளால் செய்யப்போகிறீர்கள் என்ற விவரம் இவற்றைக் கேட்பார்கள். பிறகு பார்ப்பது இதைத்தான்: எடுக்கப்போவது கட்டடத்தோடு பிறந்ததா, பிற்பாடு ஒட்டியதா? திண்ணைக்கு முன்னால் 1990-களில் போட்ட தகரக் கொட்டகை போனால் யாரும் அழப்போவதில்லை. சேர்க்கப்போவதைப் பின்னொரு நாள் கட்டடத்துக்குக் காயமில்லாமல் கழற்ற முடியுமா? தெருவிலிருந்து பார்த்தால் தெரியுமா, பின்கட்டோடு நிற்குமா?

பொருள் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் சேதத்தில் பெரும்பகுதி நல்லெண்ணத்தில் நடக்கிறது. நம் பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மை சுண்ணாம்புக்கு உண்டு. சுவர் உதிர்கிறதே என்று அதன்மேல் சிமென்ட் பூசி, போதாதென்று பிளாஸ்டிக் பெயின்ட்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபடுகிறது. உப்பு பூத்து, சில ஆண்டுகளில் பூச்சு செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. "பழைய சுவர், அதான் விழுந்தது" என்பார்கள். உண்மையில் புதுப் பூச்சுதான் அதை வீழ்த்தியது. இப்படி ஒரு கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்க ஒருவர் இருந்தால் போதும், குழுவின் பாதி வேலை முடிந்தது.

எதையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம் என்பதற்குச் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா நல்ல உதாரணம். 1989-இல் சட்டப்படி பாதுகாப்புப் பகுதியான அந்த வட்டாரத்தில் கடைவீடுகளை முழுமையாகவே காக்க வேண்டும்: முகப்பு, கூரை, பக்கத்து வீட்டோடு பகிரும் சுவர், கடை முன்னால் ஓடும் ஐந்தடி நடைவழி எல்லாமே. அதே சிங்கப்பூரில் மையத்துக்கு வெளியே உள்ள பிற பாதுகாப்புப் பகுதிகள் சிலவற்றில் முன்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் உயரமாகக் கட்டிக்கொள்ளலாம். தெருவுக்குத் தெரு விதி மாறுகிறது. மும்பையும் 1995-இல், இந்தியாவில் முதலாவதாக, கட்டடங்களை மூன்று தரமாகப் பிரித்தது. முதல் தரத்தில் அனேகமாக எதுவும் கூடாது, கடைசித் தரத்தில் உள்ளேயும் வெளியேயும் மாற்றலாம். ஓசூரில் முதல் தரத்துக்கு அதிகம் தேறாது என்பது என் கணிப்பு. மூன்றாம் தரத்துக்கு நிறையவே தேறும். அந்தத் தரத்தில்தான் வீட்டுக்காரரோடு பேசித் தீர்க்க வழியும் இருக்கிறது.

எல்லைக்கு அப்பால் இருக்கும் எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். மைசூரில் லேன்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் சரிந்து நான்கு பேர் இறந்தனர். 2016-இல் அருகிலுள்ள தேவராஜா மார்க்கெட்டின் ஒரு பகுதியும் விழுந்தது. பழுதுபார்த்து மீட்கலாம் என்று பாரம்பரிய ஆர்வலர்களும், இடித்துவிட்டு அதே தோற்றத்தில் கட்டலாம் என்று அரசுத் தரப்பும் நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் நின்றன. வல்லுநர்களே இரு பக்கமும் இருந்தார்கள். எதைக் காப்பது என்ற கேள்வியைச் சுவர் விழுந்த பிறகு விவாதித்தால் இப்படித்தான் ஆகும். உயிர்ப்பலி நடந்த பிறகு சுண்ணாம்பின் அருமையைப் பேசுபவரை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை, அதிலும் நியாயம் இருக்கிறது.

கடைசியில் எல்லாம் பணத்தில் வந்து நிற்கும். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி உயரமில்லாத சாதாரணக் கட்டடத்துக்கு மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப் பரப்பு எழுப்பலாம். முற்றம் வைத்த ஓட்டு வீடு மனையின் பரப்பைக்கூட முழுதாக எட்டாது. ஆகவே அந்த வீட்டை வைத்திருப்பவர் ஒவ்வொரு மாதமும் வாடகையை இழந்துகொண்டிருக்கிறார். மாநில விதியே இடி என்று காதில் ஓதுகிறது. மும்பை விதிகள் இதற்கு ஒரு வழி கண்டன: கட்ட முடியாமல் போன பரப்பை உரிமையாக மாற்றி, வேறு இடத்தில் கட்டுபவருக்கு விற்கலாம். ஓசூரில் அந்த உரிமையை வாங்க ஆள் கிடைக்காது என்று யாரும் சொல்லமாட்டார்கள், பெங்களூர் நெடுஞ்சாலை நெடுக அடுக்ககங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. அதோடு சொத்துவரியில் கழிவு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்கான கூலியில் ஒரு பங்கு என்று சிறு உதவிகளும் தந்தால் வீட்டுக்காரர் பட்டியலில் தன் கதவு எண் ஏறுவதைத் தண்டனையாக நினைக்கமாட்டார்.

பட்டியல் போடுவதற்குப் பாரம்பரிய ஆணையத்தின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டு, ராமநாயக்கன் ஏரியைச் சுற்றிய பழைய ஓசூரையும், கிருஷ்ணகிரி நகராட்சி தன் பழையபேட்டையையும், தெருத்தெருவாகப் படமெடுத்து அளந்து பதிவு செய்யலாம். கட்டடக்கலை மாணவர்களை ஒரு கோடை விடுமுறைக்கு அழைத்தால் முடியும் வேலை. தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டை அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது, அதற்கு இந்தப் பதிவு தேவையில்லை. பெயர் தெரியாதவர்கள் பிறந்த வீடுகளுக்குத்தான் வேண்டும். ஊருக்கு வந்த முதல் தொழிற்சாலைகளையும் அதில் சேர்க்கலாம். சிரிக்க வேண்டாம், இந்த ஊரை இந்த ஊராக்கியவை அவைதான், அவற்றின் பழைய கொட்டகைகளும் இப்போது மாற்றிக் கட்டும் வயதை எட்டிவிட்டன.