முடிவுக்குறி ஒன்று விடுபட்டால்

இலங்கையின் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டமொன்றில் வசிக்கும் மாணவி பழந்தமிழ் நூலொன்றைக் கைத்தொலைபேசியில் இலவசமாக வாசிக்க இயல்கிறதென்றால், 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகளே அப்பாக்கியத்துக்குக் காரணம். அந்நூல்களிற் பல எச்டிஎம்எல் என்னும் குறியீட்டு மொழியில் அமைந்தவை. தடித்த எழுத்தைத் தொடங்கும் குறியை இட்டவர், சாய்கோடு சேர்ந்த முடிவுக்குறியை மறந்தாராயின், பின்வரும் செய்யுள்களும் தடித்தே தோன்றும்.

நூற்றுக்கணக்கான கோப்புகளைக் கண்ணாற் சோதிப்பது அசாத்தியம். எக்ஸ்எம்எல்லின்ட் என்னும் கட்டற்ற மென்பொருளோ, பிழையுள்ள கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் க்ஷணத்திற் சொல்லிவிடும். ஆயினும் ஒவ்வொரு கோப்புக்கும் அதனைத் தனித்தனியே இயக்கினால், தொடங்குவதிலேயே காலம் விரயமாகுமாதலால், முழுப் பட்டியலையும் ஒரே கட்டளையிற் கொடுப்பதும், பட்டியல் நீண்டதாயின் கூறுபடுத்தி ஏககாலத்தில் ஓட விடுவதும், மறுமுறை மாற்றம் பெற்ற கோப்புகளை மாத்திரம் சோதிப்பதுமே உசிதம். முதலிற் காட்டப்படும் பிழையை முதலிலேயே திருத்துவது மிக அவசியமென்பேன். விடுபட்ட ஒரு குறியே அடுத்து வரும் பல புகார்களுக்கு மூலமாதல் கூடும். ஆனால் ழகரம் லகரமாய் மாறியிருப்பது போன்ற எழுத்துப்பிழைகளை இக்கருவி அறியாது. அதற்குத் தமிழறிந்த மெய்ப்புப் பார்ப்பவர் வேண்டும்.