உங்களுக்குத் தெரியுமா? பூட்டி வைத்த கிலோ!

பாரிஸை ஒட்டிய செவ்ரில், மூன்று பேர் மூன்று சாவியோடு வந்தால்தான் திறக்கும் பெட்டகம் ஒன்று உண்டு. உள்ளே கண்ணாடிக் குடுவைகளுக்கு அடியில் ஒரு குட்டி உருளை. உயரம், விட்டம் இரண்டுமே ஏறத்தாழ 39 மி.மீ.; 90 சதவீதம் பிளாட்டினம், மீதி இரிடியம். 1889 முதல் உலகத்தின் ‘ஒரு கிலோ’ அதுதான். கோயில் உண்டியலுக்குக்கூட இத்தனை காவல் இருக்காது! இவ்வளவு செய்தும், நூறு ஆண்டுகளில் அதற்கும் அதன் நகல்களுக்கும் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. அசல் இளைத்ததா, நகல்கள் பெருத்தனவா? சொல்ல வழியே இல்லை. அசல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் கிலோ என்பது விதியாயிற்றே! 2019 மே 20 முதல் உருளைக்கு ஓய்வு. இப்போது பிளாங்க் மாறிலியை வைத்துக் கிலோவை வரையறுக்கிறார்கள். 57ஆம் எண் நகல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது.

வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் மீட்டர் என்று முடிவு செய்தது பிரான்ஸ். அதற்காக 1792இல் டெலாம்பர், மெஷான் இருவரும் டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை நிலத்தை அளக்கக் கிளம்பினார்கள். நடுவில் புரட்சி, போர், கைது. வேலை முடிய ஆறேழு ஆண்டுகள். ஆனாலும் மீட்டர் 0.2 மி.மீ. குட்டையாகிப் போனது. அதைத் திருத்தவில்லை. பூமிதான் விட்டுக்கொடுத்தது: சரியாக 10,000 கி.மீ. இருக்க வேண்டிய அந்தத் தூரம் இன்றைக்குச் சுமார் 10,002 கி.மீ.

1983 முதல் மீட்டருக்கு ஒளிதான் அளவுகோல். வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியில் போகும் தூரத்தை 29,97,92,458 பங்கு போட்டால், அதில் ஒரு பங்கு.

ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் சொன்ன கணக்கில் தண்ணீர் கொதிப்பது 0 டிகிரி, உறைவது 100! தலைகீழாக மாற்றியது பின்னால் வந்தவர்கள். நல்லவேளை, இல்லாவிட்டால் காய்ச்சல் ஏற ஏற தெர்மாமீட்டர் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஈ.பி. பில்லில் வரும் ஒரு யூனிட், 36 லட்சம் ஜூல்.

1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றுக்கு நடுவானில் எரிபொருள் தீர்ந்தது. ஒரு லிட்டர் 0.8 கிலோ என்று போட வேண்டிய கணக்கில் 1.77 என்று போட்டிருந்தார்கள். அது பவுண்டுக் கணக்கு. அதனால் வேண்டியதில் பாதிகூட நிரம்பவில்லை. இன்ஜின் ஓடாமலேயே மிதந்து வந்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் இறங்கியது. 69 பேரும் பிழைத்தார்கள். ஓடுபாதையின் ஒரு பகுதியில் அன்று கார் பந்தயம்!

நகைக்கடையில் ஒரு பவுன் 8 கிராம். பிரிட்டிஷ் தங்க சவரன் காசைத் தராசில் வைத்தால் 7.99 கிராம்கூட முழுசாகத் தேறாது.