முன்சென்றோரின் நினைவைக் காத்தல்: நாசரேத்து நகர் தரும் பாடம்



யோர்தான் ஆற்றைக் கடந்து வாக்களிக்கப்பட்ட நாட்டினுள் நுழைந்த இஸ்ரயேல் மக்களிடம் ஆண்டவர் கற்களைச் சேர்க்கச் சொன்னார். குலத்திற்கு ஒருவராகப் பன்னிருவர் சென்று, ஆற்றின் நடுவிலிருந்து ஆளுக்கொரு கல்லைத் தோளில் சுமந்து வந்தனர். அக்கற்கள் கில்காலில் நாட்டப்பட்டன. வருங்காலத்தில் பிள்ளைகள் அவற்றைக் கண்டு பொருள் கேட்கும்போது, ஆண்டவர் தம் மக்களுக்குச் செய்த பேருதவியைப் பெற்றோர் எடுத்துரைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கமாகும். யோசுவா நூலின் நான்காம் அதிகாரத்தில் இந்நிகழ்வை நாம் வாசிக்கிறோம்.

மரித்த விசுவாசிகளுக்காகத் திருச்சபை சிறப்பாக மன்றாடும் நவம்பர் மாதத்தில் நாம் சேமக்காலைக்குச் செல்கிறோம். புல்லைச் செதுக்கி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கிறோம். ஆயினும் அருகில் நிற்கும் பிள்ளை ஒரு கல்லறையைச் சுட்டிக்காட்டி, அங்கு உறங்குபவர் யார், அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டால், எம்மில் எத்தனை பேரால் விடையளிக்க முடியும்? இக்கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டு, அதற்கு விடை தேடுவதையே ஒரு விசுவாசப் பணியாக ஏற்ற கிறிஸ்தவ சமூகம் ஒன்று உண்டு. மொராவியர் என்று அழைக்கப்படும் அச்சமூகத்தைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம்.

யார் இந்த மொராவியர்?

இன்றைய செக் குடியரசின் பகுதிகளான பொகேமியாவும் மொராவியாவுமே இவர்களின் பூர்வீகம். 1415ஆம் ஆண்டு கொன்ஸ்டன்ஸ் நகரில் எரித்துக் கொல்லப்பட்ட குருவானவர் யான் ஹுஸ் என்பவரின் வழியில் வந்தவர்கள், 1457இல் தம்மை ஒரு சகோதரர் சபையாக அமைத்துக்கொண்டனர். 17ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க அரசர்களின் அடக்குமுறைக்கு ஆளாகி அவர்கள் சிதறுண்டனர். இந்த வரலாற்றைக் கத்தோலிக்கராகிய நாம் தலைகுனிந்தே வாசிக்க வேண்டியுள்ளது. ஹுஸ் அனுபவித்த கொடிய மரணத்திற்காகத் தமது ஆழ்ந்த வருத்தத்தைப் புனித திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1999ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிப்படையாகத் தெரிவித்தார்.

1722இல் மொராவியாவிலிருந்து தப்பி வந்த சில குடும்பங்களுக்கு ஜேர்மனியின் சக்சனிப் பகுதியில் வாழ்ந்த சின்சென்டோர்ஃப் பிரபு தமது நிலத்தில் புகலிடம் அளித்தார். அங்கு எழுந்த ஊரே ஹெர்ன்ஹூட். ஆண்டவரின் காவல் என்பது அப்பெயரின் பொருள். ஆரம்பத்தில் அவ்வூரிலும் பிணக்குகள் மலிந்திருந்தன. 1727 ஓகஸ்ட் 13ஆம் நாள் ஆண்டவருடைய விருந்தில் ஒன்றாகப் பங்கேற்றபோது அவர்கள் மனந்திரும்பி ஒருவரோடொருவர் ஒப்புரவானார்கள். பகலும் இரவும் மணிக்கு மணி முறைவைத்துச் செபிக்கும் வழக்கம் அவ்வாண்டிலேயே தொடங்கி, நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தது. 1732இல் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கு நற்செய்தி கூற இருவர் புறப்பட்டனர். அதன்பின் உலகின் பல மூலைகளுக்கும் அவர்கள் பரவினர்.

எமது மண்ணோடும் அவர்களுக்குத் தொடர்புண்டு. 1740ஆம் ஆண்டளவில் மொராவிய மறைப்பணியாளர் இருவர் இலங்கைக்கு வந்தனர். அப்போது கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் அவர்களை நிலைத்திருக்க விடவில்லை. புனித யோசேவ் வாஸ் அடிகளாரை மாறுவேடத்தில் அலைய வைத்ததும் அதே ஒல்லாந்த ஆட்சிதான் என்பதை நாம் அறிவோம். பின்னர் 1760இல் சோழமண்டலக் கரையின் தரங்கம்பாடிக்கு வந்த மொராவியர், அங்கு தமக்கென ஒரு தோட்டக் குடியிருப்பை அமைத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தங்கியிருந்தனர்.

கைவிடப்பட்ட வேலையிலிருந்து எழுந்த இல்லம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நாசரேத்து என்றொரு சிறு நகர் உள்ளது. அக்காலத்தில் அது பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்தது. 1740இல் புகழ்பெற்ற போதகரான ஜோர்ஜ் வைற்ஃபீல்ட், கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஒரு பாடசாலையைக் கட்டும் நோக்குடன் அங்கு 5,000 ஏக்கர் நிலத்தைப் பெற்றார். கட்டட வேலைக்கு மொராவியரை அமர்த்தினார். இவர்கள் ஆயுதம் ஏந்த மறுத்ததால் ஜோர்ஜியாக் குடியேற்றத்தை விட்டு நீங்கியவர்கள். வேலை நடந்துகொண்டிருக்கையில் இறையியல் கருத்துவேறுபாடு மூண்டது. நிலத்தை விட்டு வெளியேறுமாறு வைற்ஃபீல்ட் அவர்களுக்குக் கட்டளையிட்டார். குளிர்காலமோ நெருங்கிவிட்டது. கட்டிய சுவர்கள் அரைகுறையாக நிற்க, அவர்கள் மரக்குடிலில் அக்குளிரைக் கழித்தனர்.

அடுத்த ஆண்டு வைற்ஃபீல்டுக்குப் பணமுடை ஏற்படவே, அதே நிலத்தை மொராவியரே வாங்கிக்கொண்டனர். பாதியில் நின்ற வீட்டையும் 1743இல் கட்டி முடித்தனர். ஆயினும் தம்மை வெளியேறச் சொன்னவரின் பெயரை அவர்கள் அழித்துவிடவில்லை. இன்றும் அது ‘வைற்ஃபீல்ட் இல்லம்’ என்றே அழைக்கப்படுகிறது. கசப்பை மறந்து நினைவை மாத்திரம் காப்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

1857இல் அந்நகரில் மொராவிய வரலாற்றுச் சங்கம் நிறுவப்பட்டது. வைற்ஃபீல்ட் இல்லமே அதன் அரும்பொருளகமாகத் திகழ்கிறது. 1740ஆம் ஆண்டைச் சேர்ந்த மரக்குடில் ஒன்றும், ‘சாம்பல் குடிசை’ என்ற பெயருடன், அதே வளவில் பேணப்படுகிறது. ஹைட் என்ற ஓவியர் தீட்டிய திருக்காட்சிகள், பழைய வீட்டுப் பொருட்கள், இசைக்கருவிகள் எனப் பல அங்கு உள்ளன. அவற்றுள் ஜோன் அன்டெஸ் 1759இல் செய்த வயலினும் ஒன்று. அவர் பிற்காலத்தில் எகிப்து நாட்டுக்கு மறைப்பணியாளராகச் சென்றார். தச்சரும் தையற்காரரும் ஆசிரியைகளுமாக வாழ்ந்த எளிய விசுவாசிகளின் கைபட்ட பொருட்களே அச்சங்கத்தின் செல்வம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வரலாறு

மொராவியரின் வழக்கங்களுள் எம்மைப் பெரிதும் சிந்திக்கத் தூண்டுவது ஒன்றுண்டு. சபையின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வாழ்வில் இறைவன் செயலாற்றிய விதத்தைத் தாமே எழுதி வைப்பர், அல்லது பிறரைக் கொண்டு எழுதுவிப்பர். அவர் இறந்தபின் அடக்க வழிபாட்டில் அது வாசிக்கப்படும். பின்னர் சபையின் ஆவணங்களோடு சேர்த்து வைக்கப்படும். இவ்வாறான வாழ்க்கைக் குறிப்புகள் ஹெர்ன்ஹூட்டிலும் பென்சில்வேனியாவின் பெத்லெகேம் நகரிலும் உள்ள ஆவணக் காப்பகங்களில் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆபிரிக்காவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, பெத்லெகேமில் திருமுழுக்குப் பெற்று வாழ்ந்த அன்ட்ரூவினதும் அவர் மனைவி மக்தலேனாவினதும் குறிப்புகள்கூட இன்று வரை நிலைத்துள்ளன. அக்காலத்தில் பெரும்பாலும் அரசர்கள், தளபதிகள் போன்ற பெயர்பெற்றோருக்கே வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவர்களின் சேமக்காலைக்கு ‘இறைவனின் வயல்’ என்று பெயர். விதைக்கப்படும் வித்து மடிந்து புத்துயிர் பெறும் என்ற புனித பவுலடியாரின் போதனையே அப்பெயரின் அடிப்படை. அங்கு எழும்பி நிற்கும் மாளிகைக் கல்லறைகளைக் காண முடியாது. எல்லாக் கற்களும் நிலத்தோடு படுத்த நிலையில் ஒரே விதமாக இருக்கும். செல்வந்தருக்கும் வேலையாளுக்கும் அளவில் வேற்றுமை இல்லை. பெத்லெகேமின் பழைய சேமக்காலையில் ஐரோப்பியரும் ஆபிரிக்கரும் அமெரிக்கப் பூர்வீகக் குடிகளும் அருகருகே உறங்குகின்றனர். உயிர்ப்பு ஞாயிறன்று விடியுமுன் சபையார் பித்தளைக் குழல்கள் இசைக்க இறைவனின் வயலில் கூடி, கிறிஸ்து உயிர்த்தார் என்று அறிக்கையிடுவது அவர்களின் மரபு. இறந்தோர் நடுவில் நின்று உயிர்ப்பைக் கொண்டாடும் அக்காட்சி எத்துணை பொருள் பொதிந்தது!

நத்தார் காலத்தில் அவர்கள் வீடுகளில் பல முனைகளைக் கொண்ட நட்சத்திர விளக்குகள் ஒளிரும். எமது பாலன் குடிலைப் போல, பிறப்பின் காட்சியைப் பாசியும் மரச் சிற்பங்களும் கொண்டு அமைப்பர். அன்பின் விருந்து என்ற வழிபாட்டில் அப்பமும் கோப்பியும் பகிர்ந்து, பாடல்களால் இறைவனைப் புகழ்வர். பழைய பொருட்களைக் கண்ணாடிப் பெட்டியில் காப்பதுடன் வழிபாட்டு மரபையும் வீட்டில் உயிரோடு வைத்திருப்பதால்தான் அப்பாரம்பரியம் வாடாமல் நிற்கிறது. 2024 ஜூலையில் புதுடில்லியில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக் குழு, பெத்லெகேம், ஹெர்ன்ஹூட், வட அயர்லாந்தின் கிரேஸ்ஹில் ஆகிய மொராவியக் குடியிருப்புகளை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. டென்மார்க்கின் கிறிஸ்டியான்ஸ்ஃபெல்ட் 2015இலேயே இடம்பெற்றிருந்தது.

மறைக்கப்பட்ட கற்கள்

ஆனால் நினைவைக் காப்பது பெருமையை மட்டும் காப்பதாகிவிடக் கூடாது. மொராவியரும் தவறினர். அவர்களுள் அடிமைகளை வைத்திருந்தோர் இருந்தனர். வட கரோலினாவின் சேலம் நகரில் முதலில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே இறைவனின் வயலில் அடக்கம் செய்யப்பட்டனர். சுற்றியிருந்த சமுதாயத்தின் பாகுபாடு மெல்ல மெல்லச் சபைக்குள்ளும் புகுந்தது. 1816இல் அடக்க நிலம் பிரிக்கப்பட்டது. பின்னர் கறுப்பினத்தவருக்கெனத் தனி ஆலயமே எழுந்தது. 1861இல் கட்டப்பட்ட புனித பிலிப்பு ஆலயத்தில்தான், 1865 மே 21ஆம் நாள், அடிமைகள் விடுதலை பெற்றனர் என்ற செய்தி அம்மக்களுக்கு வாசிக்கப்பட்டது. அதன் அருகிலிருந்த கல்லறைக் கற்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டு ஆலயத்தின் அடியில் போடப்பட்டன. பெயர்கள் மண்ணுள் மறைந்தன. பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே அக்கற்கள் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தன. அடிமைமுறையில் தமக்கிருந்த பங்கிற்காக அமெரிக்காவின் தென் மாகாண மொராவிய சபை 2006இல் மன்னிப்புக் கோரியது.

ஒகையோ மாநிலத்தில் க்னாடன்ஹுட்டன் என்றோர் ஊர் உள்ளது. அருளின் குடில்கள் என்பது அதன் பொருள். அங்கு வாழ்ந்த டெலவெயர் இனத்துக் கிறிஸ்தவர்கள் ஆயுதம் தொடாதவர்கள். போர்க்காலத்தில் ஊரிலிருந்து விரட்டப்பட்டு, பட்டினியால் வாடி, வயலில் விட்டுச்சென்ற சோளத்தை எடுக்கத் திரும்பி வந்தபோது குடியேற்றவாசிகளின் ஆயுதப் படையொன்று அவர்களைப் பிடித்தது. செய்யாத குற்றத்திற்கு மரணம் விதிக்கப்பட்டது. அன்றிரவு முழுவதும் அவர்கள் பாடியும் செபித்தும் சாவுக்கு ஆயத்தமாயினர். 1782 மார்ச் 8ஆம் நாள் 96 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் 39 பேர் சிறுவர். பிற்கால ஊர் மக்கள் ஒன்றுகூடி முயன்று, 1872இல் அங்கு ஒரு நினைவுத்தூணை நிறுவினர். கொன்றவர்களின் இனத்தைச் சேர்ந்தோரே கொல்லப்பட்டோருக்குக் கல் நாட்டினர். மெய்யான நினைவு மனந்திரும்புதலுக்கு வழியாகும் என்பதை இது உணர்த்துகிறது.

நாம் செய்ய வேண்டியது யாது?

அன்பார்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களே, எமது திருச்சபையும் சாட்சிகளின் திருச்சபையே. 1544இல் மன்னாரில் விசுவாசத்திற்காக உயிர் நீத்தோரின் இரத்தத்தில் அது வேரூன்றியது. அவர்களுள் எத்தனை பேரின் பெயர்களை நாம் அறிவோம்? அண்மைக் காலத்தில் போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் ஆலயங்களையும் வீடுகளையும் சேமக்காலைகளையும் சிதைத்தன. பதிவேடுகளும் நிழற்படங்களும் அழிந்தன. உறவுகள் பல நாடுகளுக்கும் சிதறின. நினைவில் வைத்திருந்த முதியவர்களும் ஒவ்வொருவராக இறைவனடி சேர்கின்றனர். இன்று எழுதாவிட்டால், நாளை கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. இம்மாதம் உங்கள் வீட்டுப் பாட்டனாரையோ பாட்டியாரையோ அமரச் செய்து, அவர்களின் திருமுழுக்கு, திருமணம், இடப்பெயர்வு, இழப்பு, அவற்றின் நடுவே இறைவன் தாங்கிய விதம் ஆகியவற்றைச் சொல்லச் சொல்லிப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் குறியுங்கள். பங்குத்தந்தையின் அனுமதியுடன் இளைஞர் சிலர் சேமக்காலையில் வரிசை வரிசையாகச் சென்று, மங்கிவரும் எழுத்துக்களைப் படியெடுக்கலாம். பங்கின் யூபிலி மலர் வெளிவரும்போது, குருக்களினதும் கொடையாளர்களினதும் பெயர்களோடு, மணியடித்தவர், ஆலயத்தைப் பெருக்கியவர், அன்னம்மாளுக்கு வழிபாடு நடத்திய தாய்மார், மறைக்கல்வி கற்பித்த ஆசிரியைகள் ஆகியோரின் பெயர்களும் இடம்பெறட்டும்.

இன்னொன்றையும் அஞ்சாது கேட்போம். சேலம் நகரின் மறைக்கப்பட்ட கற்களைப் போல, சாதியின் பெயரால் எம் கோவிற்பற்றுகளில் ஒதுக்கப்பட்டவர்கள் இல்லையா? ஆலயத்தின் பின்வரிசைக்கும் சேமக்காலையின் ஓரத்திற்கும் தள்ளப்பட்டவர்கள் இல்லையா? அவர்களின் பெயர்களை விட்டுவிட்டு எழுதப்படும் பங்கு வரலாறு இறைவன் முன் நிறைவான வரலாறு ஆகாது.

நற்கருணைப் பலியில் நாம் நாள்தோறும் நிறைவேற்றுவது ஒரு நினைவுதான். தம் நினைவாக இதைச் செய்யுமாறு பணித்த ஆண்டவர், தம் மக்களுள் ஒருவரையும் மறப்பதில்லை. அவரது வாழ்வின் ஏட்டில் எழுதப்பட்டுள்ள பெயர்களை, எம் வீட்டு ஏட்டிலும் எழுதுவோம். எம் பிள்ளைகள் கல்லறைக் கற்களின் பொருளைக் கேட்கும் நாளில் விடை கூறும் வரத்தை எமக்குத் தருமாறு மன்றாடுவோம். முன்சென்ற அனைவருக்கும் நித்திய இளைப்பாற்றியை இறைவன் அருள்வாராக. ஆமென்.