நடைப்பயணத்துக்குக் காலைப் பழக்குவோம்

2002-இல் நம்மாழ்வார் ஐயா பூம்புகாரிலிருந்து கல்லணை வரை 25 நாள் நடந்தார். காரில் போனால் அரை நாள் வேலை. ஆனா கார் வரப்புல நிக்காது, நடக்கிறவங்கதான் "என்ன நெல்லு போட்டிருக்கீங்க?" என்று கேட்டு உட்கார முடியும்.

ஊர் ஊராக விதை கொடுக்க நடக்கப்போகும் நாங்களும் பயிற்சியைத் தொடங்கிவிட்டோம். திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகள்தான் எங்கள் களம். முதல் வாரம் வெறுங்கையோடு. அப்புறம் முதுகில் 2 கிலோ விதைநெல். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் முட்டி நோகும். அதனால் சின்ன அடியாக வைத்து இறங்குகிறோம். மற்ற நாளில் சமதரையில் 5 கிலோமீட்டர். வாரா வாரம் கொஞ்சம் கூட்டுகிறோம். ஒருநாள் கட்டாய ஓய்வு. செருப்பு பழகியதாக இருக்கட்டும். புதுசு கொப்புளம் போடும். கிளம்புமுன் கேழ்வரகுக் கூழ், வழியில் உப்பிட்ட மோர், எள்ளுருண்டை.

நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ விதை தந்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டார். எங்கள் கணக்கும் அதுதான். ஒற்றை நாற்று நட்டால் 2 கிலோவே ஏறக்குறைய ஒரு ஏக்கருக்குப் போதும். பாதி வழியில் ஒருத்தர் கால் ஓய்ந்தால், ஒரு ஏக்கர் விதை ஊர் போய்ச் சேராது. கூட வர நினைக்கிறவங்க நாளைக் காலையே நடக்க ஆரம்பிங்க.